ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி. உங்கள் வீட்டுக்குத் தேவையா?

மார்கழி பிறந்துவிட்டால் போதும், பெண்ணாடத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வருவார்கள். தும்மல், இருமல், இளைப்பு, முழங்கால் வலி... நாடி பார்த்து, மருந்து எழுதி, பத்தியம் சொல்லி முடித்ததும் சமீபகாலமாக ஒரு கேள்வி தவறாமல் வருகிறது.

“டாக்டர், சூடு, குளிர் ரெண்டும் தர்ற ஏ.சி. வந்திருக்காமே! மாமியாருக்கு வீசிங். பனிக்காலத்துல ரூமைச் சூடா வெச்சுக்கலாம், கோடையில குளுகுளுன்னு வெச்சுக்கலாம். வாங்கிடலாமா?”

‘சித்த வைத்தியருக்கும் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பிரித்து, எந்தப் பொழுதில் வாதம் மிஞ்சும், எப்போது பித்தம் மிஞ்சும், எப்போது கபம் சேரும் என்று பார்ப்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். வீட்டுக்குள்ளேயே ஒரு பருவத்தை உண்டாக்குகிற எந்திரம் வந்துவிட்ட பிறகு, அதைப் பற்றி வைத்தியன் பேசாமல் இருக்க முடியுமா?

சரி, வாங்கலாமா, வேண்டாமா? அதற்குப் பதில் சொல்லப்போவது கடைக்காரரும் அல்ல, நானும் அல்ல. உங்கள் படுக்கையறைச் சுவரில் தொங்கப்போகும் ஒரு சாதாரண ரூம் தெர்மாமீட்டர்!

அதற்கு முன்னால், இந்த எந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரே பெட்டியில் இரண்டு வேலை

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே வைத்த பால், காய்கறியிலிருந்து உறிஞ்சிய சூட்டைத்தான் அது அந்த வழியாக வெளியே தள்ளுகிறது. ஏ.சி.யும் அதே வேலையைத்தான் செய்கிறது. அறைக்குள் இருக்கும் சூட்டைக் குழாயில் ஓடும் வாயு வாங்கிக்கொண்டு போய், வெளியே மாட்டியிருக்கும் யூனிட் வழியாகக் கொட்டிவிடுகிறது.

ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி.யில் கூடுதலாக ஒரு வால்வு இருக்கிறது. அது வாயு ஓடும் திசையை மாற்றிவிடும். அப்போது வெளியே உள்ள யூனிட் குளிர்ந்து, வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும். உள்ளே உள்ள யூனிட் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். ‘வெளியே நடுக்குகிற குளிரில் சூடு ஏது?’ என்று தோன்றும். 7 டிகிரிக் காற்றிலும் சூடு இருக்கத்தான் செய்கிறது. குழாயில் உள்ள வாயு அதைவிடக் குளிர்ந்து இருப்பதால் அதை உறிஞ்சிக்கொள்ள முடிகிறது.

இதில் என்ன லாபம்? கம்பி பழுக்கும் சாதாரண ரூம் ஹீட்டர், 1 யூனிட் கரண்டு வாங்கினால் 1 யூனிட் சூடுதான் தரும். இந்த ஏ.சி. சூட்டை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து வருகிறது. அதனால் 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும். வெளியே குளிர் ஏற ஏற இந்த லாபம் குறையும். ஆனாலும் ஹீட்டரைவிட மேல்தான்.

18 என்கிற எண்

உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டு வீட்டு வசதியும் ஆரோக்கியமும் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்கிறது. முதியவர்கள், குழந்தைகள், நாள்பட்ட நோயாளிகள் இருக்கும் வீட்டுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். அதற்குக் கீழே போகும்போது ரத்தக்கொதிப்பு ஏறுவது, மூச்சுக்குழல் சுருங்கி இளைப்பு அதிகமாவது போன்ற தொல்லைகள் கூடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு ரூம் தெர்மாமீட்டர் வாங்குங்கள். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.) படுக்கையறையில் உள்பக்கச் சுவரில், நெஞ்சு உயரத்தில், ஜன்னலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தள்ளி மாட்டுங்கள். மார்கழியிலோ தையிலோ ஒரு பத்து நாள், வாசல் தெளித்துக் கோலம் போட எழுந்திருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

பத்து நாளும் 18-க்கு மேலேயே இருக்கிறதா? சூடு தரும் ஏ.சி. உங்களுக்குத் தேவையில்லை. அடிக்கடி 18-க்குக் கீழே போகிறதா? மேலே படியுங்கள், உங்களுக்கு அது ஆடம்பரமே அல்ல.

நம்ம ஊருக்கு எதற்கு?

பெண்ணாடம், விருத்தாசலம், சிதம்பரம், திருச்சி, மதுரை, சென்னை... இந்தச் சமவெளி ஊர்களில் மார்கழி விடியலில் வெளியே 20 டிகிரியை ஒட்டி இருக்கும். வீட்டுக்குள் அதற்கும் மேலேதான் காட்டும்.

காரணம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரியும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே சூளையில் தீயை அணைத்ததும் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். உள்ளே இருக்கும் செங்கல் சுவர் பிடித்து வைத்த சூடு இறங்க நேரமாகும். உங்கள் வீட்டுச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதே ஜாதிதான். பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி முழுவதும் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டிருக்கும். மார்கழியில் அதுவே உங்களுக்கு இலவச ஹீட்டர். சித்திரையில் ராத்திரி பதினொரு மணிக்கும் அறை தகிப்பதற்கு அதுவே காரணம்.

‘அப்படியென்றால் மார்கழியில் ஏன் டாக்டர் இவ்வளவு இளைப்பு?’ என்றால், அறை குளிர்ந்து கிடப்பது நம் ஊரில் பெரிய காரணமல்ல. அதிகாலைப் பனியில் தலைக்கு ஒன்றும் கட்டாமல் வெளியே போவது, பனியோடு கலந்து தாழ்ந்து நிற்கும் புகை, தூசி, வீட்டில் சளிக்காய்ச்சல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது, மழைக்காலத்தில் சுவரில் ஏறிய ஈரமும் பூஞ்சையும்... இவைதான் முக்கியம். அறையைச் சூடாக்குவதால் இவற்றில் எதுவும் போகாது.

மழைக்கால ஈரம்தான் தொல்லை என்றால் சாதாரணக் கூல் ஏ.சி.யிலேயே ‘டிரை’ என்று ஒரு பட்டன் உண்டு. அறைக் காற்றில் உள்ள ஈரத்தைக் குறைக்க அதுவே போதும். சொல்லப்போனால் ஏ.சி. பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான்! 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கிக் கலர் அச்சு தள்ளிப்போவதைத் தடுக்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இன்ஜினீயர் முதல் எந்திரத்தை வடிவமைத்தார்.

மூட்டுவலிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சமவெளியில் இருக்கும் நீங்கள் அறை முழுவதையும் சூடாக்க வேண்டாம், மூட்டைச் சூடாக்கினால் போதும். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒற்றடம் கொடுங்கள். சர்க்கரை வியாதியால் கால் மரத்துப் போனவர்கள் மட்டும் இதைத் தாங்களாகச் செய்யக்கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

ஆகவே சமவெளிக்காரர்கள் ‘ஹாட்’டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மிச்சம் பிடித்து, ஒரு ஸ்டார் அதிகமுள்ள கூல் ஏ.சி. வாங்குங்கள். அல்லது மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவோ தட்டோடு பதிக்கவோ செலவழியுங்கள். தளத்துச் சூடு குறைந்தால் ஏ.சி. ஓடும் நேரமும் குறையும். அக்கினி நட்சத்திர வெயிலில் வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அறை குளிர்ச்சியாக இருப்பது உயிர் காக்கும் விஷயம். நம் பக்கத்தில் ஏ.சி.யின் உண்மையான வேலை அதுதான்.

யாருக்கு வேண்டும்?

ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். கொடைக்கானலிலும் அந்த மாதத்தில் ஒற்றை இலக்கக் குளிர் சாதாரணம். அங்கே குடியிருப்பவர்கள் வீட்டுத் தெர்மாமீட்டர் 18-ஐ எட்டுவதே கஷ்டம். அவர்களுக்குச் சூடு தரும் எந்திரம் அவசியம். குறிப்பாகக் கைக்குழந்தையும் முதியவர்களும் இருந்தால்.

இரண்டாவது, டெல்லிப் பக்கம் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகள். அங்கே மே மாதம் 45 டிகிரி வெயில், ஜனவரியில் 7 டிகிரியை ஒட்டிய குளிர். இரண்டையும் ஒரே எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பதால் ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி.க்குச் சரியான ஊர் அதுதான். பெங்களூருக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். வெளியே 15, 16 டிகிரி இருந்தாலும் வீட்டுக்குள் பெரும்பாலும் 18-க்கு மேல்தான் இருக்கும். தெர்மாமீட்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஊட்டியில் 1500 வாட்ஸ் ரூம் ஹீட்டரை ராத்திரி 6 மணி நேரம் போட்டால் 9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 540 யூனிட்! நம் மாநிலத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு ரேட் கூடுவதோடு, கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும். அதே சூட்டை ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி. ஏறக்குறைய 180 முதல் 220 யூனிட்டுக்குள் தந்துவிடும்.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

‘ஏ.சி., ஹீட்டர் எல்லாம் நமக்கு எதுக்கு? ஒரு சட்டியில் கரி நெருப்பு வைத்தால் அறை கதகதப்பாகிவிடும்’ என்று மலைப்பக்கம் சிலர் செய்வதுண்டு. 2024-ல் கொடைக்கானலில் சுற்றுலா போன இடத்தில், பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

புகைதான் இல்லையே, கரி கனன்றுகொண்டுதானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. தூக்கத்தில் இருப்பவருக்கு இதுகூடத் தெரியாது. அப்படியே போய்விடுவார்கள்.

அடுப்பு வைத்த அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கதவு, ஜன்னலைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். கஷாயம், சூரணம் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரியில் தரும் ஆக்ஸிஜன்.

சமவெளிக்காரர்களும் கவனிக்க வேண்டும். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம். காற்றோட்டமான கூடத்தில் புழங்கிய வழக்கம் அது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த ஏ.சி. அறைக்குள் செய்தால் கங்கிலிருந்து வரும் வாயுவும் புகையும் போக வழியின்றி அங்கேயே சுற்றும். கொசுவத்திச் சுருளும் அப்படியே. நான் சித்த வைத்தியன், சாம்பிராணியின் அருமை எனக்கும் தெரியும். பச்சைக் குழந்தையின் நுரையீரல் அதைவிட அருமை! ஈரத் தலையை மெல்லிய துண்டால் நன்றாகத் துவட்டிவிட்டாலே போதும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

தெர்மாமீட்டர் ‘வேண்டும்’ என்று சொல்லிவிட்டதா? கடைக்குப் போகும்போது இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள்.

1. வால்வா, கம்பியா? ‘ஹாட்’ என்று போட்டிருந்தாலும் சில மாடல்களில் உள்ளே ஹீட்டர் கம்பிதான் இருக்கும். அது ரூம் ஹீட்டர் போலவே கரண்டு தின்னும். ‘ஹீட் பம்ப்’ அல்லது ‘ரிவர்ஸ் சைக்கிள்’ என்று புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. எத்தனை டிகிரி வரை? வெளியே எவ்வளவு குளிர் வரை ஹாட் ஓடும் என்று கேளுங்கள். சூடு தரும் திறனை வழக்கமாக வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்து போடுவார்கள். உங்கள் ஊர் அதற்கும் கீழே போகுமானால் கிடைக்கும் சூடு குறையும். கொஞ்சம் பெரிய அளவாக வாங்க வேண்டும்.

3. எத்தனை டன்? 1 டன் என்பது எந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்தத் திறன், மணிக்கு 12,000 பி.டி.யு. சமவெளியில் 100 முதல் 120 சதுர அடி அறைக்கு 1 டன், 150 முதல் 180 சதுர அடிக்கு 1.5 டன் என்பது பொதுக்கணக்கு. மேலே வெறும் மொட்டை மாடி, மேற்கு வெயில் சுவர் என்றால் கூடுதல் தேவைப்படும்.

4. ஸ்டார் எதற்கு? லேபிளில் உள்ள ஸ்டார், குளிரூட்டும் வேலைக்கு மட்டும் கொடுத்த மார்க். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்றும் அதில் அச்சிட்டிருப்பார்கள். ஹாட் வேலைக்கு எத்தனை வாட்ஸ் வாங்கி எத்தனை வாட்ஸ் சூடு தருகிறது என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தரும் சூட்டை வாங்கும் கரண்டால் வகுத்துப் பாருங்கள். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் நல்லது.

5. சர்வீஸ் எங்கே? திசை மாற்றும் வால்வு பழுதானால் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா? மலையூரில் இது மிக முக்கியம்.

6. ஒயரிங். பழைய வீட்டில் பீங்கான் பியூஸ் கட்டையில் கம்பி சுற்றி வைத்திருப்பார்கள். அதே லைனில் ஏ.சி.யை மாட்டாதீர்கள். தனி லைன், தனி எம்.சி.பி., நல்ல எர்த் மூன்றும் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு...

ஹாட் போடும்போது 20 முதல் 22 டிகிரி போதும். 30-ல் வைத்து ‘வெந்நீர் அண்டா’ ஆக்க வேண்டாம். சூடான காற்று மேலே ஏறும், எனவே காற்றுப் பலகையைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். கூல் போடும்போது மேல்நோக்கித் திருப்புங்கள். எதுவானாலும் தூங்குபவரின் தலைக்கும் முகத்துக்கும் நேராகக் காற்று அடிக்கக்கூடாது. மூக்கும் தொண்டையும் காய்ந்து, விடிந்ததும் தும்மல் தொடரும்.

சூடாக்கிய காற்று வறண்டிருக்கும். தோல் வெடிக்கும், உதடு உலரும். அவ்வப்போது வெந்நீர் குடியுங்கள், குளித்ததும் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். ஆனால் வறட்சி என்று கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் பெரிய ஆபத்து.

கடுங்குளிரில் ஹாட் ஓடும்போது, சில நிமிடம் உள்ளே காற்று நின்று, வெளி யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். பயப்படாதீர்கள், ரிப்பேர் இல்லை. வெளி யூனிட்டில் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் வழிந்தோட வழி மட்டும் வையுங்கள்.

கூல் போடும்போது 24-க்குக் கீழே போகாதீர்கள். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் ஸ்டார் லேபிள் ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவிகிதம் கரண்டு மிச்சம். 26-ல் வைத்து மெதுவாக ஃபேன் போட்டால் உடம்புக்கும் இதம், பர்ஸுக்கும் இதம்.

ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும், வெளிக்காற்றைக் கொண்டு வராது. எனவே காலையும் மாலையும் கால் மணி நேரமாவது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். ‘ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை’ என்று என்னிடம் வருகிற பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது அந்தச் சல்லடையில் மாதக்கணக்கில் சேர்ந்த தூசிதான்.

வீசிங் உள்ளவர்கள் தூதுவளை ரசம், சுக்கு மல்லிக் காபி என்று தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை, ‘அதுதான் ஏ.சி. வாங்கியாச்சே’ என்று நிறுத்திவிடாதீர்கள். அறையின் சூட்டையும் குளிரையும் எந்திரம் சரிசெய்யும். மூச்சுக்குழலின் வீக்கத்தை மருந்துதான் சரிசெய்யும்.

கடைக்குப் போவதற்கு முன், மறக்காமல் தெர்மாமீட்டரை மாட்டுங்கள். பத்து நாள் பார்த்து எழுதுங்கள். அப்புறம் பணத்தை எண்ணலாம்!